மைக் இரண்டு பக்கமும் கேட்கும்

பென்னி மைக்கைப் பிடித்தால் ஆய்க்குடியில் மாடு பால் சுரக்காது என்று ஒரு பேச்சு உண்டு. அது மிகை. சுரக்கும், ஆட்டத்தின் முதல் பாதி முடியட்டும் என்று காத்திருக்கும், அவ்வளவுதான்.

கபடி வர்ணனையில் அவனை அடிக்கச் செங்கோட்டையிலிருந்து சங்கரன்கோவில் வரை ஆள் கிடையாது. ஒரு குற்றாலச் சீசனில் ஐந்தருவிப் பக்கம் காட்சிப் போட்டி நடந்தது. சாரலோடு மஞ்சும் இறங்கி, ஆடிக்கொண்டிருந்த பதினான்கு பேரையும் நடுவரையும் சேர்த்து மூடிவிட்டது. பென்னி நிறுத்தவில்லை. யார் பாடிப் போகிறான், யார் கணுக்காலைப் பிடித்தான், யார் நழுவிக் கோட்டைத் தொட்டான் என்று இருபது நிமிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். மஞ்சு விலகியபோது அவன் சொன்ன புள்ளியும் நடுவர் தாளில் இருந்த புள்ளியும் ஒன்றாக இருந்தன. நடுவரும் அவன் சொன்னதைக் கேட்டுத்தான் எழுதியிருந்தார். தோற்ற அணி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தாங்கள் தோற்ற விதம் அவர்களுக்கே பிடித்துப்போயிருந்தது.

பென்னி யூதன். தென்காசியில் இதைச் சொல்லிப் புரியவைப்பது கபடி விதியை மாட்டுக்குச் சொல்வதைவிடக் கடினம். அவன் அப்பா எலியாஸ் கொச்சிப் பக்கத்துக்காரர், தென்காசியில் மொத்த முட்டை வியாபாரம். சொந்தக்காரர்கள் எல்லோரும் எழுபதுகளில் விமானம் ஏறி இஸ்ரேலுக்குப் போனார்கள். எலியாசும் போயிருப்பார். அந்த வாரம் பார்த்து முட்டை லாரி ஆரியங்காவில் பழுதாகி நின்றுவிட்டது. லாரி வந்து சேர்வதற்குள் விமானம் போய்விட்டது. பெயரைக் கேட்டவர்கள் சர்ச்சுக்குப் போகாத கிறிஸ்தவர் என்று நினைத்தார்கள். பன்றிக்கறி தொடாததைப் பார்த்தவர்கள் பள்ளிவாசலுக்கு வராத முஸ்லிம் என்று நினைத்தார்கள். அவர் இரண்டு பேருக்கும் ஒரே விலைக்கு முட்டை கொடுத்தார். பென்னி கல்லூரியில் இருக்கும்போது காலமானார். பிறகு வீட்டில் பென்னியும் அவன் அம்மா ரெபேக்காளும் மட்டும்.

ரெபேக்காளுக்கு வெள்ளி சாயங்காலத்திலிருந்து சனி சாயங்காலம் வரை ஓய்வுநாள். அடுப்பு மூட்டமாட்டாள், சுவிட்சைத் தொடமாட்டாள். பென்னியும் சனிக்கிழமை மைக்கைத் தொடமாட்டான். அதனால் இந்த வட்டாரத்தில் கபடி இறுதிப்போட்டிகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறின. ஏன் மாறின என்பது ஆடுகிறவர்களுக்கே இப்போது தெரியாது. ஏதோ அரசாங்க உத்தரவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மைக் செட் கிதிர் முகம்மது அண்ணாச்சியுடையது. கல்யாணமோ, கந்தூரியோ, கபடியோ, எதுவானாலும் அவருடைய கூம்பு ஒலிபெருக்கிதான். அவர் தொழிலில் ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். ஆடுகிறவனின் பலத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம், பலவீனத்தை மூச்சுவிடக் கூடாது. "மைக்கு ரெண்டு பக்கமும் கேக்கும், பாத்துக்கோ" என்பார். கூம்பு ஒலிபெருக்கியில் சொல்வது கூட்டத்துக்குப் போகிற மாதிரியே ஆடுகிறவன் காதுக்கும் போகும். இங்கே வர்ணனைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் இது. எழுதிவைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை.

இசக்கிமணி ஆய்க்குடிக்காரன், பென்னியோடு ஒரே பெஞ்சில் படித்தவன். பாடிப் போனால் ஆளைத் தொடாமல் திரும்ப மாட்டான். அவன் குடும்பத்தில் மூன்று பேர் போலீஸ், இரண்டு பேர் ராணுவம். காக்கிச் சட்டை போடாத ஆம்பளைக்கு அந்த வீட்டில் இரண்டாவது முறை சோறு கேட்கக் கூச்சமாக இருக்கும். அவனும் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீசுக்கு முயன்றுகொண்டிருந்தான். ஆனால் பழைய குற்றாலத்தில் ஒரு நாள் பென்னியோடு குளிக்கப் போய், பாறையில் வழுக்கி, இடது மூட்டு திரும்பிக்கொண்டது. வெளியே சொன்னால் தேர்வுக்கு ஆகாது. பென்னியே வைத்தியரிடம் கூட்டிப்போனான், பென்னியே கட்டுக் கட்டினான். விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அதில் வைத்தியர் அந்த வருஷமே செத்துப்போனார். ரகசியத்துக்கு இதைவிடப் பத்திரம் கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் பென்னிக்குச் சென்னையில் ஒரு விளையாட்டுச் சேனலில் வேலை கிடைத்தது. சனிக்கிழமையும் வர வேண்டும் என்றார்கள். பென்னி சரி என்றான்.  ரெபேக்காள் அவன் பெட்டியில் தொழுகைத் துண்டை மடித்து அடியில் வைத்தாள். அது அடியிலேயே கிடந்தது.

சேனலில் ஆட்டம் நடப்பது ஜெய்ப்பூரிலோ பாட்னாவிலோ. பென்னி சென்னையில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் உமா மகேஸ்வரி நல்ல மாதிரி. அவன் மஞ்சுக்குள் வர்ணித்த கதையைச் சொன்னபோது, இங்கே மஞ்சு கிடையாது, தகவல்தான் வேண்டும் என்றார். யாருக்கு எந்தக் கால் பலம், யாருக்குத் தோளில் வலி, யார் போன மாதம் ஊசி போட்டுக்கொண்டான், இந்த உள்தகவலுக்காகத்தான் நேயர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். பென்னிக்கு முதலில் நாக்கு வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாருக்கும் கேட்காது என்று பழகிய பிறகு வந்தது. பிறகு நன்றாகவே வந்தது.

ஆடி மாதம் பத்து நாள் விடுப்பில் ஊருக்கு வந்தான். ஆய்க்குடியில் ஞாயிற்றுக்கிழமை இறுதிப்போட்டி. போலீஸ் அணிக்கு ஆள் எடுக்கிற பயிற்சியாளர் இசக்கிமணியைப் பார்ப்பதற்கென்றே வந்து, முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூட்டில் மாட்டும் உறையைக் கண்டால் சந்தேகப்படுவார் என்று இசக்கிமணி காலையிலேயே அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டான்.

பென்னி சென்னையிலிருந்து ஹெட்போனைக் கொண்டுவந்திருந்தான். கிராமத்து மேடையில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் மாட்டிக்கொண்டால் டிவிக்காரன் மாதிரி இருக்கும். மாட்டிக்கொண்டான். கிதிர் முகம்மது அதைப் பார்த்துக் காது குளிருதா என்று கேட்டது அவனுக்குக் கேட்கவில்லை. காது அடைத்ததும் கூட்டத்தின் இரைச்சல் போனது, கூம்பில் திரும்பி வரும் சொந்தக் குரலும் போனது. கண்ணாடி அறையில் இருப்பது போலவே இருந்தது.

நான்கு நிமிடம் மிச்சம். ஆய்க்குடிக்காரர்கள் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். இசக்கிமணி பாடிப் போனான்.

"நேயர்களே, ஒரு உள்தகவல்," என்றான் பென்னி. "இசக்கிமணி எப்பவும் வலது காலை ஊன்றித்தான் திரும்புவார். இடது முட்டு பழுது. பாறையில வழுக்கினது. அந்தப் பக்கம் யாராவது இறுக்கிப் பிடிச்சா அவரால எந்திரிக்க முடியாது."

எதிரணியில் இடது மூலையில் நின்ற சுரண்டைக்காரன் தலையைத் திருப்பி ஒலிபெருக்கியை ஒரு முறை பார்த்தான். பென்னி அதைப் பார்த்தான். பார்த்ததைப் புரிந்துகொள்வதற்குள் சுரண்டைக்காரன் விழுந்து இடது மூட்டைக் கட்டிப் பிடித்துவிட்டான். மூட்டு முறிந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டதாம். பென்னிக்குக் கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கூட்டத்தின் வாய்கள் ஒரே நேரத்தில் திறந்தது மட்டும்தான். அவன் வாய் ஏற்கனவே திறந்திருந்தது. "அருமையான பிடி, ஆட்டத்தையே மாற்றிய பிடி" என்று தன் வாழ்நாளிலேயே சிறந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜவ்வு இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. மூன்று மாதம் படுக்கை. பயிற்சியாளர் வேறு ஒரு பையனை எடுத்துக்கொண்டார். பென்னி திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வாசல் வரை போனான். உள்ளே சொந்தக்காரர்கள் கூட்டமாக இருந்தார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அன்றைக்கே சென்னைக்குப் பஸ் ஏறினான்.

ஊரே கேட்ட பேச்சுதான். ஆனாலும் யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை. கபடி வர்ணனையை ஜனங்கள் அருவிச் சத்தத்தைப் போலத்தான் கேட்கிறார்கள், நின்றால்தான் கவனிப்பார்கள். கிதிர் முகம்மது கவனித்தார். அவர் வாயைத் திறக்கவில்லை. அடுத்த போட்டிக்கு மைக் பிடிக்கப் பென்னியைக் கூப்பிடவும் இல்லை. இசக்கிமணிக்குப் பாடிப் போகும்போது தன் மூச்சைத் தவிர வேறெதுவும் காதில் விழாது.

சென்னையில் பென்னிக்கு ஒரு வியாதி வந்தது. பாடிப் போகிறவன் நடுக்கோட்டைத் தாண்டியதும் அவன் வாய் தானாக மூடிக்கொள்ளும். ஆள் திரும்பி வந்து தன் பக்கத்தைத் தொட்ட பிறகுதான் திறக்கும். வேலை போய்விடும் என்று பயந்தான். நேயர்களுக்கு அது பிடித்துப்போனது. அந்த மௌனத்தில் ஒரு ஆழம் இருப்பதாக எழுதினார்கள். மற்ற மொழி வர்ணனைக்காரர்களும் வாயை மூட ஆரம்பித்தார்கள். பேசாமல் இருந்ததற்காக ஒரு வர்ணனைக்காரனுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுத்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

ரெபேக்காள் சனிக்கிழமை பார்க்கமாட்டாள். புதன்கிழமை ஆட்டங்களைப் பார்ப்பாள். இரண்டு வருஷம் பார்த்தாள். யூதர்களின் பாவமன்னிப்பு நாளான பெரிய நோன்புக்குப் பத்து நாள் முன்னால், அவர்களுடைய வருஷப் பிறப்புக்கு அவன் ஊருக்கு வந்திருந்தபோது கேட்டாள்.

"ஆள் உள்ள போகும்போ நீ எந்தா மோனே வாய் திறக்காம இருக்கே?"

பென்னி சொல்லிவிட்டான். எல்லாவற்றையும், ஹெட்போன் உட்பட.

அவள் திட்டவில்லை. தெய்வத்துக்குச் செய்த தப்புக்கு நோன்பு போதும், மனுஷனுக்குச் செய்த தப்பை அந்த மனுஷன்தான் தீர்க்க வேண்டும், தெய்வம்கூட அதில் கை வைக்காது என்றாள். நோன்புக்கு முன்னால் போய்க் கேட்க வேண்டும். மாட்டேன் என்றால் மூன்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் மறுபடி கேட்க வேண்டும். மூன்று தடவை மாட்டேன் என்று சொல்லிவிட்டால் கேட்டவனுக்கு விடுதலை. அவளுடைய அப்பா அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பென்னிக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும். போன இரண்டு வருஷமும் அவள் வழக்கப்படி, யாரிடமாவது கேட்க வேண்டியது உண்டா என்று கேட்டபோது, இல்லை என்று அவன்தான் சொன்னான்.

இசக்கிமணி புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடையில் இருந்தான். ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, இடது காலை நீட்டிவைத்து, காயைத் தரம் பிரிக்கிற வேலை. பெரிசு ஒரு குவியல், சிறிசு ஒரு குவியல், அடிபட்டது ஒரு குவியல். கேரளாவுக்குப் போகிற லாரி வாசலில் நின்றது. பென்னியைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. டிவிக்காரர் வந்திருக்கார், எல்லோரும் எழுந்து நில்லுங்கள் என்று மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்களைக் கேலியாக விரட்டினான். பென்னிக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பாதித் தைரியம் போய்விட்டது.

"மணி, என்னை மன்னிச்சிருலே."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

"மன்னிச்சாச்சி. டீ குடிக்கியா, சர்பத் குடிக்கியா?"

பென்னி சர்பத் குடித்துவிட்டு இறகு போல வீட்டுக்கு வந்தான். ரெபேக்காள் அவனைச் செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை. "எல்லாத்துக்கும்னு ஒரு தப்பு கிடையாது மோனே," என்றாள். "என்ன செஞ்சேன்னு சொன்னியா?"

மறுநாள் திரும்பப் போனான். இந்தத் தடவை சொன்னான். குரல் வர்ணனைக்காரன் குரலாக ஆகிவிடக் கூடாது என்று தரையைப் பார்த்துச் சொன்னான். ஹெட்போன், உள்தகவல், பாறை, முட்டு, சுரண்டைக்காரன் தலையைத் திருப்பியது. இசக்கிமணியின் கை நிற்கவில்லை. காய் பிரித்துக்கொண்டே இருந்தது. ஆனால் பெரிய காய்கள் சிறிய குவியலில் விழுந்துகொண்டிருந்தன.

"அன்னைக்கு உறையைக் கழட்டிப் போட்டேம்லா," என்றான் கடைசியில். "அதான் காரணம்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். ரெண்டு வருசமா என்னையத்தான் ஏசிக்கிட்டு இருக்கேன். அந்தச் சுரண்டைக்காரன ஒரு கல்யாண வீட்டுல பாத்தேன். பிடின்னா ஒன் பிடிதான்யான்னு கையைப் பிடிச்சிச் சொன்னேன். அவன் ஏன் மூஞ்சியத் திருப்பினாம்னு இப்பத்தான் தெரியுது."

பென்னி கேட்டான். "மன்னிச்சிருலே."

"மாட்டேன்."

சர்க்கரை வேண்டுமா என்று கேட்டதற்குச் சொல்வது போலச் சொன்னான்.  பென்னி வந்திராவிட்டால் இசக்கிமணி தன்னை மட்டும் ஏசிக்கொண்டு, சுரண்டைக்காரனை மெச்சிக்கொண்டு, நண்பன் வந்தால் சர்பத் வாங்கிக் கொடுத்துக்கொண்டு இருந்திருப்பான். தன் பாரத்தை இறக்குவதற்காக அதையும் வந்து உடைத்தாயிற்று என்பது அந்த எலுமிச்சை வாசனைக்கு நடுவில்தான் பென்னிக்கு உறைத்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாய்க்குள் போடுகிற வித்தை அவனுக்கு எப்போதும் தெரிந்ததில்லை.

அடுத்த நடைக்கு மூன்று பேர் வேண்டும். கிதிர் முகம்மது கேட்டவுடன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். போட்டிக் குழுச் செயலாளர் பால்வண்ணநாதன் வந்தார். மூன்றாவது ஆள் ஆட்டோக்காரர். போன ஆட்டோ அவருடையது. மூன்று பேரும் வரிசையாக நின்று நியாயம் பேசினார்கள். பால்வண்ணநாதன் நடுவில் ஒரு காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றியும் சொன்னார், அது அவருடைய பிழைப்பு. இசக்கிமணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மாட்டேன் என்றான்.

கிதிர் முகம்மதுவுக்கு மனசு கேட்கவில்லை. அவனைத் தனியாகக் கூப்பிட்டு, விதியை விளக்கினார். "இன்னொரு தடவை நீ மாட்டேன்னு சொன்னா, அவங்க சட்டப்படி அவன் பாவம் அவனை விட்டுப் போயிரும். பொறவு ஒன் தலையிலதான் நிக்கும். யோசிச்சிக்கோ."

இசக்கிமணி அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டான். கிதிர் முகம்மது அவன் இளகிவிட்டதாக நினைத்தார். மைக்குக்கு வெளியே மனுஷரை எடைபோடுவதில் அவருக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை.

நோன்புக்கு முந்தின நாள் மத்தியானம் நால்வரும் மறுபடி போனார்கள். சூரியன் சாய்வதற்குள் பென்னி வீட்டில் சாப்பிட்டு முடித்தாக வேண்டும். பிறகு மறுநாள் இருட்டும்வரை பச்சைத் தண்ணீர் கிடையாது. கடையில் இசக்கிமணி ஸ்டூலை வாசல் பக்கம் போட்டுக் காத்திருந்தான். சுற்றிலும் மூட்டைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். அவர்களிடமும் விதியைச் சொல்லிவைத்திருக்கிறான் என்று தெரிந்தது.

"ரெண்டு வெறும் பாட்டு பாடிட்டே," என்றான். "இது மூணாவது. டூ ஆர் டை. அப்படித்தானலே?"

கபடியில் இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவது தடவை பாடிப் போகிறவன் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் வெளியே. பென்னி இதைப் பல நூறு தடவை மைக்கில் விளக்கியிருக்கிறான். இப்போது தலையை மட்டும் ஆட்டினான். பிறகு கேட்டான். எதற்காக என்பதை முழுசாகச் சொல்லி, இரண்டு வருஷம் மறைத்ததையும் சேர்த்துச் சொல்லி, மன்னிப்பாயா என்று கேட்டான். அவன் குரலில் அன்றைக்கு ஒரு அலங்காரமும் இல்லை. சாதாரணமாக முட்டை விற்கிறவன் குரல் அது, அவன் அப்பாவுடையது.

இசக்கிமணி நீட்டியிருந்த இடது காலைக் கையால் தூக்கி மாற்றிவைத்தான்.

"சரின்னு சொன்னா நீ தப்பிச்சிருவே," என்றான். "மாட்டேன்னு சொன்னாலும் தப்பிச்சிருவே, அண்ணாச்சி சொன்னாவ. எப்படிப் போனாலும் ஒனக்குப் புள்ளிதான். எனக்கு ரெண்டு வழிதானா?"

ஒரு காயை எடுத்து உள்ளங்கையில் உருட்டினான்.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சரியும் இல்ல, மாட்டேனும் இல்ல. நீ இன்னும் என் கோட்டுக்குள்ளதான் நிக்கே. அடுத்த வருசம் வா."

கிதிர் முகம்மது ஏதோ சொல்ல வாயெடுத்தார். இசக்கிமணி கையைக் காட்டி நிறுத்தினான். பிறகு குனிந்து காய் பிரிக்க ஆரம்பித்தான். பெரிசு பெரிசோடு, சிறிசு சிறிசோடு, சரியாக விழுந்தன.

ஆட்டோவில் திரும்பினார்கள். கடையநல்லூர் தாண்டியதும் பால்வண்ணநாதன், சட்டப்படி இது ஆட்டம் நிறுத்தி வைக்கப்பட்டதாகக் கருதப்பட வேண்டும் என்றார். அவருக்கும் எதையாவது சொல்லியாக வேண்டும்.

ரெபேக்காள் எல்லாவற்றையும் கேட்டாள். மூன்றாவது தடவை பதிலே சொல்லாதவனுக்கு என்ன விதி என்று யோசித்தாள். அவள் அப்பா சொன்னதில் அப்படி ஒன்று இல்லை. எர்ணாகுளத்தில் இருந்த ஒரே ஒரு யூதப் பெரியவருக்குப் போன் போட்டாள். அவருக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. அவர் அந்த இசக்கிமணி யார், நம்ம ஆளா என்று இரண்டு தடவை கேட்டார். புஸ்தகத்தில் தேடினாலும் தேடாவிட்டாலும் ஒன்றுதான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

"அப்போ நான் என்னம்மா செய்யணும்?" என்றான் பென்னி.

"பதில் வர்றவரைக்கும் போகணும்," என்றாள். அவனுக்கு முன்னால் சோற்றை வைத்தாள். "சாப்பிடு. வெளிச்சம் போகுது."

பென்னி அந்த வருஷம் நோன்பு பிடித்தான். பெட்டியின் அடியிலிருந்து தொழுகைத் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டான். மற்றதெல்லாம் மன்னிக்கப்பட்டிருக்கலாம். சனிக்கிழமைகளில் வேலை பார்த்ததையும்கூடத் தெய்வத்தின் பக்கம் பெரிசாக எடுத்துக்கொள்ளாமல் விட்டிருக்கலாம். ஒன்று மட்டும் அங்கே போகவேயில்லை. புளியங்குடியில் நின்றது.

அதற்குப் பிறகு மூன்று நோன்பு ஆகிவிட்டது. பென்னி இப்போது சேனலில் பெரிய ஆள், சனிக்கிழமை வேலை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குப் பெரிய ஆள். கிதிர் முகம்மது ஊர்ப் போட்டிக்குத் திரும்பக் கூப்பிட்டார். பென்னி போகவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, நோன்புக்கு முந்தின நாள், எங்கே ஆட்டம் நடந்தாலும் விட்டுவிட்டுப் புளியங்குடிக்குப் போகிறான். இசக்கிமணி அவனுக்கென்று ஒரு ஸ்டூல் போட்டுவைக்கிறான். எந்த அணி யாரை எடுத்தது, எவன் நன்றாகப் பாடுகிறான் என்று விசாரிக்கிறான். நடு ஆட்டத்தில் ஏன்லே ஊமையாகிவிடுகிறாய், புள்ளிகூடத் தெரியமாட்டேன் என்கிறது என்று குறைப்படுகிறான். பேச்சு தீர்ந்ததும் பென்னி கேட்கிறான். அவன் ஒன்றும் சொல்வதில்லை.

போன வருஷம் கேட்டு முடித்தபோது இசக்கிமணி கையிலிருந்த காயைக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து, வெகுநேரம் யோசித்தான். உதடு இரண்டு தடவை அசைந்தது. பென்னி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

"தென்காசி பஸ்ஸு வந்துட்டு," என்றான் இசக்கிமணி. "ஓடு."